பிரேக்கும் யதார்த்தமும்

1

'யதார்த்தம்' என்ற சொல்லை நாம் போதுமான அளவுக்குத் தேய்த்துவிட்டோம். ஒரு சிறுகதையில் டீக்கடை பெஞ்சும் அதன் ஆடும் காலும் வந்துவிட்டால் யதார்த்தம் என்கிறோம். பேச்சு வழக்கில் நாலு வரி வந்துவிட்டால் இன்னும் யதார்த்தம். இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் பின்னால் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நமக்கு ஏற்கனவே தெரிந்ததைப் போல இருக்கிறதா என்பது. இந்த அளவுகோலைச் சந்தேகிக்க எனக்குக் கிடைத்த காரணம் இலக்கியத்திலிருந்து வரவில்லை. கார்ப் பந்தயத்தை வீட்டு மேஜையில் நிகழ்த்திக் காட்டும் சிமுலேட்டர் என்ற சாதனத்திலிருந்து, அதிலும் குறிப்பாக, அதில் ஒழுங்காக பிரேக் போடக் கற்றுக்கொள்ளும் காரியத்திலிருந்து வந்தது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. எந்தப் புதிய சாதனமும் பொழுதுபோக்கு என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. நாவலும் அப்படித்தான் வந்தது.

சாதனம் இதுதான். மேஜை விளிம்பில் திருகி இறுக்கிய ஒரு ஸ்டீயரிங். தரையில் மூன்று பெடல்கள். எதிரே ஒரு திரை. இவற்றுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஒரு காரின் எடையை, டயரின் ரப்பரை, பாதையின் மேடுபள்ளத்தை ஒரு வினாடிக்குள் முந்நூறு தடவைக்கு மேல் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. முன்சக்கரங்களுக்கு நேர்வதை ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஒரு மோட்டார் கைக்குத் திருப்பித் தருகிறது. காலுக்கோ, முதுகுக்கோ, வயிற்றுக்கோ திருப்பித் தருவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. நாற்காலி அசைவதில்லை.

இதற்கும் ஒரு மரபு உண்டு. அமெரிக்காவில் பாபிரஸ் என்ற நிறுவனம் 1998-ல் 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' என்ற ஒன்றை வெளியிட்டது. 1967-ம் வருடப் பந்தயங்களை எடுத்துக்கொண்டு, அந்த வருடக் கார்கள் எவ்வளவு முரண்டு பிடித்திருக்குமோ அவ்வளவு முரண்டையும் சலுகை இல்லாமல் அது வைத்தது. வாங்கியவர்களில் பலர் முதல் வளைவையே தாண்ட முடியாமல் சுழன்றார்கள். அதுவே அதன் கீர்த்தியாயிற்று. அதன் சிருஷ்டிகர்த்தாக்களில் முக்கியமானவரான டேவ் கேமர்தான் பிறகு 2008-ல் வந்த 'ஐரேசிங்'குக்கும் மூலபுருஷர். நிஜமான பந்தயப் பாதைகளை லேசர் கொண்டு அளந்து உள்ளே கொண்டுவந்தது அது. இத்தாலியில் ரோமுக்கு அருகே வல்லேலுங்கா பந்தயத் திடலில் இருந்துகொண்டு குனோஸ் சிமுலசியோனி என்ற சிறு குழு 2014-ல் 'அசெட்டோ கோர்சா'வை முடித்தது. நான் இங்கு பேசுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படைப்பை முன்வைத்து. அதில் 1966-ம் வருட மோன்ஸா பாதை இருக்கிறது. அதே காலத்து லோட்டஸ் 49 என்ற காரும் இருக்கிறது. 1967 ஜூனில் ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட்டில் தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் கையில் ஜெயித்த கார். எடை ஏறக்குறைய 500 கிலோ. சக்தி ஏறக்குறைய 400 குதிரை. காற்றால் அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் அதற்கு அப்போது கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் ஏபிஎஸ் கிடையாது. பிரேக் கற்பவனுக்கு இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

2

நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இதில் உட்கார்ந்தார். மோன்ஸாவின் மரங்கள், பழைய கேலரி, 1955-ல் கட்டிய சாய்ந்த வளையத்தின் கான்கிரீட், அதற்கு அடியில் புகுந்து போகும் பாதை. "நெஜம் மாதிரியே இருக்கேய்யா" என்றார். அவர் குரலில் இருந்தது ஓர் ஓவியத்தின் முன் நிற்பவனின் நிதானமான பாராட்டு. பின் நேர்பாதை முடிந்து பராபோலிகா வளைவு வந்தது. வருஷக்கணக்காக ஸ்கூட்டர் ஓட்டிய காலின் தைரியத்தோடு பிரேக்கை மிதித்தார். நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கை அவர் எவ்வளவு வளைத்தும் கார் நேராகவே வழுக்கிப் பாதைக்கு வெளியே போய் நின்றது. "இது என்னய்யா, மிதிச்சா நிக்கமாட்டேங்குது, திருப்பினா திரும்பமாட்டேங்குது?"

என் அபிப்ராயத்தில், சிமுலேட்டர் அந்தக் கணத்தில்தான் யதார்த்தமாயிற்று. அதுவரை அது படம். மரமும் கான்கிரீட்டும் அவர் விருப்பத்துக்கு இணங்கிக்கொண்டிருந்தன. பார்க்கச் சொன்னால் தெரிந்தன. டயர் இணங்கவில்லை. அதற்கென்று ஒரு விதி இருந்தது. அவர் கவிஞர் என்பதோ, நல்லவர் என்பதோ, அவசரத்தில் இருக்கிறார் என்பதோ அந்த விதியைப் பாதிக்கவில்லை. உலகம் என்று நாம் சொல்வது இப்படி நம்மைப் பொருட்படுத்தாத ஒன்றைத்தானே?

படம் எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றக்கூடியது என்பதற்கு இந்தச் சாதனத்திலேயே ஒரு அருமையான நிரூபணம் இருக்கிறது. திரையில் எத்தனை டிகிரி அகலத்துக்கு உலகத்தைக் காட்டுவது என்பது நாம் நிர்ணயித்துக்கொள்ளக்கூடிய ஓர் எண். திரையை ஒரு ஜன்னல் என்று கொண்டால் சரியான எண் ஒன்றுதான் இருக்க முடியும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள திரை கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது சுமார் 46 டிகிரி. ஆனால் அந்த எண்ணை வைத்துப் பாருங்கள். உலகம் சுருங்கிவிடும். பக்கத்துக் கண்ணாடிகள் காணாமல் போகும். கார் ஊர்வது போலத் தோன்றும். எழுபது, எண்பது டிகிரிக்குப் போங்கள். மரங்கள் விளிம்பில் பிய்த்துக்கொண்டு பறக்கும், பாதை வாயைப் பிளந்துகொண்டு வரும், உடம்பு சிலிர்க்கும். வேகம் கணக்கில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடியிருக்காது. தூரத்தில் இருக்கும் வளைவு மட்டும் இருக்கும் இடத்தைவிட எட்டிப்போயிருக்கும். எங்கே பிரேக் போடுவது என்று கண்ணுக்கு நிச்சயப்படாது.

ஆக, தவறான படம்தான் 'நிஜம் மாதிரி' இருக்கிறது. சரியான படம் சப்பென்று இருக்கிறது. ஆனால் பிரேக் போட வேண்டிய இடத்தை அதுதான் சொல்கிறது. கோணத்தை அகட்டி வைத்துக்கொண்டு எழுதப்படும் நம் கதைகள் எத்தனை! சாவும், பசியும், கற்பழிப்பும் பக்கத்தின் விளிம்பில் பறக்கின்றன. வாசகன் சிலிர்க்கிறான். எந்த இடத்தில் ஒரு மனிதன் தன்னை நிறுத்திக்கொண்டிருக்க முடியும் என்ற தூரம் மட்டும் அந்தக் கதைகளில் தெரிவதில்லை.

3

பிரேக் போடுவது என்றால் காரை நிறுத்துவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பந்தயத்தில் யாரும் நிறுத்துவதில்லை. வளைவுக்குத் தேவையான வேகத்துக்குக் காரைக் கொண்டுவந்து, திரும்பக்கூடிய ஒரு நிலையில் அதை ஒப்படைக்கிறார்கள். இதில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன: மிதிப்பது, விடுவது. முதலாவதைக் கற்றுக்கொள்ளச் சில மாலைகள் போதும். இரண்டாவதுக்கு வருஷங்கள் ஆகின்றன.

மிதிப்பதைப் பற்றி. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரைவிட 240-ல் போகும் காருக்கு நாலு மடங்கு தூரம் வேண்டும். கண்ணுக்கு இந்த நாலு மடங்கு தெரியாது. அது இரண்டு என்றே எண்ணிக்கொள்ளும். அதனால்தான் பாதையோரத்தில் 150, 100, 50 மீட்டர் என்று பலகைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணை நம்பாதே, பலகையை நம்பு என்று. அடுத்து டயர். உருளும் டயர் மிகச் சிறப்பாகப் பிடிப்பது அது கொஞ்சம் வழுக்கும்போதுதான். பாதை ஓடும் வேகத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும்போது. அதற்குக் குறைந்தால் கையிருப்பை வீணடிக்கிறோம். மிஞ்சினால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. பூட்டிக்கொண்ட சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குத் திசை கிடையாது. இந்த விளிம்பு மயிரிழை அகலம். அதன்மேல் காலை நிறுத்த வேண்டும்.

நிஜக் காரில் இந்த விளிம்பை உடம்பு சொல்கிறது. ஓட்டுகிறவனின் உடல் முன்னால் எறியப்பட்டு பெல்ட்டில் தொங்குகிறது. பிடிப்பு நழுவினால் அந்தத் தொங்கல் தளர்வது நெஞ்சுக்குத் தெரிகிறது. சிமுலேட்டரில் நெஞ்சுக்கு ஒரு செய்தியும் இல்லை. விமானமோட்டிகளின் சிமுலேட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுவாரஸ்யமானது. 1929-ல் எட்வின் லிங்க் என்பவர் நியூயார்க் மாகாணத்தில், தன் தகப்பனாரின் ஆர்கன் தொழிற்சாலையில், அந்த வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே முதல் விமானப் பயிற்சி யந்திரங்களில் ஒன்றைக் கட்டினார். அதன் பெரிய உபயோகம் மேகத்துக்குள் பறக்கக் கற்றுத்தருவதாக அமைந்தது. மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும். சாய்ந்து பறக்கும்போது நேராகப் பறப்பதாகச் சத்தியம் செய்யும். எனவே உடம்பை நம்பாமல் முள்ளை நம்பப் பழக வேண்டும். பிரேக்கில் உடம்பு சொல்வது உண்மை. அந்த உண்மையான சாட்சியைத்தான் மேஜைச் சிமுலேட்டர் கோர்ட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

மிச்சமிருக்கும் சாட்சிகள் இரண்டு. காதும் கையும். பூட்டிக்கொள்வதற்கு முன் டயர் ஒரு மாதிரி அரைத்துக்கொண்டு முனகும். அந்த முனகல் கீச்சென்று மாறுவதற்கு முன்னால் ஒரு சிறு இடம் இருக்கிறது. கையில் ஸ்டீயரிங்கின் கனம் சட்டென்று வடிந்துபோகும். இவ்வளவுதான். இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு இல்லாத உடம்பை ஊகிக்க வேண்டும். இதனால் சிமுலேட்டர் ஏழ்மையானது என்று ஒருவர் சொல்லலாம். எழுத்தும் இந்த அர்த்தத்தில் ஏழ்மையானதுதான். அச்சிட்ட பக்கத்துக்கு வாசனை இல்லை, சூடு இல்லை. குறைவான சாட்சிகளோடு பழகியவன் அவற்றை நுட்பமாகக் கேட்கப் பழகுகிறான்.

காலைப் பற்றி ஒன்று. மலிவான பெடல்கள் கால் எவ்வளவு தூரம் கீழே போயிற்று என்பதை அளக்கின்றன. 'லோட் செல்' வைத்த பெடல்கள் கால் எவ்வளவு பலத்தோடு அழுத்துகிறது என்பதை அளக்கின்றன. பெடல் அதிகம் நகர்வதேயில்லை. இரண்டாவதில் கற்பது எளிது. ஏனென்றால் தூரத்தைக் கால் மறந்துவிடுகிறது, பலத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒன்றைத் திரும்பச் செய்ய வேண்டுமானால் அது நம்மைத் திருப்பித் தள்ள வேண்டும் போலிருக்கிறது.

இனி விடுவது. பிரேக் பிடித்ததும் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர்கள் பாதையில் அழுந்துகின்றன. அவற்றின் பிடி கூடுகிறது. இந்தக் கூடுதல் பிடிதான் வளைவில் மூக்கைத் திருப்பித் தரப்போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் நேரத்தில் பிரேக்கைப் படக்கென்று விட்டுவிட்டால் மூக்கு எழும்பிக்கொள்ளும். முன் டயர் லேசாகி, கார் திரும்ப மனமில்லாமல் வெளிப்பக்கம் போகும். விடவே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் லேசாகி வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். இரண்டுக்கும் நடுவே, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு அளவுக்கு பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். இதை 'டிரெயில் பிரேக்கிங்' என்கிறார்கள்.

வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எனக்குப் புரியும் பாஷையில் சொல்கிறேன். ஒரு டயரின் பிடிப்பு ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஒருவர் முழுவதையும் எடுத்துவிட்டால் மற்றவரின் செக் திரும்பிவிடும். என் நண்பருக்கு நேர்ந்தது அதுதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நூறு இருப்பில் பிரேக் அறுபது எடுத்தால் ஸ்டீயரிங்குக்கு மீதி நாற்பது என்று நாம் எதிர்பார்ப்போம். கிடைப்பது எண்பது. ஏனென்றால் இரண்டு விசைகளும் செங்கோணத்தில் சேர்கின்றன, பைதாகரஸ் கணக்கு. எந்த வங்கியும் இப்படிப்பட்ட சலுகையைத் தருவதில்லை. இரண்டையும் கலக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே, இருப்பதைவிட அதிகம் இருக்கிறது. முதலில் பிரேக், அது முடிந்த பிறகு ஸ்டீயரிங் என்று பத்திரமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறவனுக்கு இந்த வரவு கிடைப்பதேயில்லை.

4

இந்தச் சாதனம் ஒவ்வொரு சுற்றையும் எழுதி வைக்கிறது. கால் பிரேக்கில் செய்ததையெல்லாம் பாதையின் நீளத்துக்கு ஒரு கோடாக வரைந்து பிறகு பார்க்கலாம். நான் ஓட்டியதைவிட அதிக நேரம் இந்தக் கோடுகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விமர்சகனின் சுபாவம் அது.

புதியவரின் கோடு ஒரு தூண். செங்குத்தாக எழும்பி, தட்டையாக நின்று, செங்குத்தாக விழுகிறது. தீர்மானம் தெரிகிறது, கேட்கும் பழக்கம் தெரியவில்லை. பயந்தவரின் கோடு ஒரு மணல்மேடு. மெதுவாக ஏறி, எங்கோ நடுவில் உச்சிக்குப் போய், மெதுவாக இறங்குகிறது. பிடிப்பு அதிகமாக இருந்த நேரத்தில் கேட்காமல், தேவையற்ற நேரத்தில் அதிகம் கேட்கிறார். தேர்ந்தவரின் கோடு ஏறுவது கால் வினாடிக்குள். உச்சியில் சிறிது நேரம். பிறகு ஒரு நீண்ட வால். நேராக இறங்காமல், வளைவின் உட்புள்ளி நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போய், எங்கே முடிந்தது என்று சுட்டிக்காட்ட முடியாமல் முடிகிறது.

இதைக் கண்டதும் இந்த உருவத்தை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா இடத்திலும் வரைந்துவிடலாம் என்று தோன்றும். அது நடக்காது. இறக்கைகள் வைத்த இன்றைய பந்தயக் கார் வேகத்தில் போகும்போது காற்று அதைப் பாதையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, குறைகிறது. எனவே அதில் பிரேக் முதல் கணத்தில்தான் உச்சம். வேகம் வடிய வடியப் பிடிப்பும் வடிவதால் உடனே தளர்த்த ஆரம்பிக்க வேண்டும். கோடு உச்சியிலிருந்தே சரிகிறது. லோட்டஸ் 49-க்கு இறக்கை இல்லை. அதில் உச்சி சமதளமாக நீண்டு, திருப்பும் இடத்தில்தான் சரிவு தொடங்குகிறது. அதே கால், அதே வளைவு, வேறு உருவம். உருவமா உள்ளடக்கமா என்று நாம் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறோம். இந்தக் கோட்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வால் யாருடையது? காலுடையதா, காருடையதா? பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பழைய விவாதத்துக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கலாம். கடிகாரம் அவர்களைச் சமம் என்று சொல்லும். கோடுகளை அருகருகே வைத்தால் ஒருவர் தூண்களால் ஆனவர், மற்றவர் வால்களால் ஆனவர். முதலாமவர் டயரைத் தின்று அந்த நேரத்தை வாங்கியிருக்கிறார். பத்துச் சுற்றுக்குப் பிறகு அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. பரிசுகளும் விற்பனையும் கடிகாரத்தின் வகையைச் சேர்ந்தவை. விமர்சனம் என்று ஒன்று இருந்தால் அது கோட்டைப் படிப்பதுதான்.

மிதிப்பது சித்தத்தின் வேலை. விடுவதில் சித்தத்தோடு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது: எதிரில் இருப்பது இப்போது எவ்வளவு தாங்கும் என்று கணத்துக்குக் கணம் விசாரித்துக்கொண்டிருக்கும் ஒரு பணிவு. ஜாக்கி ஸ்டூவர்ட் 1969, 1971, 1973 என்று மூன்று தடவை உலக சாம்பியன். அவர் தன் ஓட்டத்தின் ரகசியமாக வலியுறுத்தி வந்தது மென்மையை. நம் புதுக்கவிதைகளில் பாதி, கடைசி வரியில் காலைப் படக்கென்று எடுத்துவிடுகின்றன. அதுவரை சேர்ந்த பாரமெல்லாம் மூக்கை விட்டு எழும்பிவிடுகிறது. திருப்பம் இருக்கிறது, திரும்பவில்லை.

5

இத்தனையும் சொன்ன பிறகு, இந்தச் சாதனத்தின் பக்தர்கள் சொல்வதை நான் ஏற்கிறேனா என்ற கேள்வி வரும். இது நிஜத்துக்குச் சமம் என்பது அவர்கள் கட்சி. அவர்களிடம் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டின் வழியாக நடந்த போட்டியில் 2011-ல் தேர்வான யான் மார்டன்பரோ நிஜப் பந்தய ஓட்டுநரானார். 2019-ல் அதே போன்ற இன்னொரு போட்டியில் ஜெயித்த ஜேம்ஸ் பால்ட்வின் மறுவருஷமே பிரிட்டிஷ் ஜிடி பந்தயத்தில் ஓட்டினார். எனவே ஏதோ ஒன்று திரையைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகமில்லை. எதிர்க்கட்சியினர் சொல்வது: இங்கே சாவு இல்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் கார் புதிதாகத் திரும்பி வருகிறது, ஆகவே எல்லாம் பொய். இதுவும் எனக்கு ஒப்புதல் இல்லை. மேடையில் செத்தவன் திரை விழுந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொள்கிறான் என்பதால் நாடகம் பொய்யாகிவிடவில்லை.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல பராபோலிகாவுக்கே திரும்ப வேண்டும்.

1970 செப்டம்பர் 5-ம் தேதி, மோன்ஸா பந்தயத்துக்கு முந்தைய நாள் ஓட்டத்தில், யோஹன் ரிண்ட் அந்த வளைவை நோக்கி வந்தார். அந்த வருஷம் மே மாதம் மொனாக்கோவில் லோட்டஸ் 49-ன் பிந்திய வடிவம் ஒன்றில் ஜெயித்திருந்தவர். இப்போது அவர் கையில் இருந்தது புதிய லோட்டஸ் 72. நேர்பாதையில் வேகம் கூடுவதற்காக இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். அந்தக் காரில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை. காரின் உடலுக்குள் இருந்தன. சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு தண்டு. அவர் பிரேக் போட்டபோது கார் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய்த் தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார். வலது முன் பிரேக்கின் தண்டு முறிந்திருந்தது பிறகு தெரிந்தது. அவர் அதுவரை சேர்த்திருந்த புள்ளிகளை அந்த வருஷம் யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியனான ஒரே மனிதர் அவர்.

அந்த வளைவில் நான் நூற்றுக்கணக்கான தடவை பிரேக் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தண்டு முறியவில்லை. முறியாது. பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும் என்பதைக்கூடச் சில சிமுலேட்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நான் ஓட்டும் இந்தக் கார் விசுவாசமானது. கால் செய்ததற்குச் சரியாக அதற்குண்டான பலனைத் தருகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுழன்றால் குற்றம் காலுடையது. நின்றால் புண்ணியமும் காலுடையது. கர்மவினைக் கணக்கு இவ்வளவு துல்லியமாக நடக்கும் லோகத்தை எந்தப் புராணமும் கற்பனை செய்ததில்லை.

இந்த விசுவாசத்தினால்தான் அது இவ்வளவு நல்ல பள்ளிக்கூடமாக இருக்கிறது. வேறெதையும் பழி சொல்ல வழியில்லாத இடத்தில்தான் கால் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் இதே காரணத்தினால்தான் அதை உலகம் என்று சொல்ல முடியாது. உலகத்தில் கால் சரியாக இருந்தும் தண்டு முறிகிறது. தண்டை வடிவமைத்தவன், அவன் அவசரம், இறக்கையைக் கழற்றச் சொன்ன போட்டி, தடுப்பை நட்டவனின் அசட்டை எல்லாம் ஒருவனின் பாதத்தில் வந்து முடிகின்றன. மாலையில் கணக்கு நேராகாதபோது பிழை எப்போதும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுடையதே என்று எண்ணுவது எந்த அலுவலகத்துக்கும் வசதியானது. சிமுலேட்டரின் அறம் அந்த வசதியான அறம்தான்.

நம்மிடையே இரண்டு வகை எழுத்து நடக்கிறது. ஒன்றில் எல்லாத் துன்பமும் பாத்திரத்தின் உள்ளிருந்தே முளைக்கிறது. மனத்தின் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. வெளியில் ஒரு தண்டும் முறிவதில்லை. இது சிமுலேட்டர் எழுத்து. இன்னொன்றில் எல்லாத் தண்டுகளும் முறிந்துகொண்டேயிருக்கின்றன. வர்க்கம், ஜாதி, சர்க்கார் என்று முறிவுகளின் பட்டியல் நீளுகிறது. பாத்திரத்துக்குக் கால் என்று ஒன்று இருந்ததா, அது என்ன செய்தது என்று தெரிவதேயில்லை. முதல் வகையைச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வகையினரைப் பிரசாரகர்கள் என்கிறார்கள். இரண்டாம் வகையினர் முதல் வகையினரைத் தந்தக் கோபுரவாசிகள் என்கிறார்கள். ரிண்ட் பராபோலிகாவை நெருங்கிய அந்தச் சில வினாடிகளை எழுத வேண்டுமானால் இரண்டும் வேண்டும். அவ்வளவு தேர்ந்த காலும் வேண்டும், அந்தத் தண்டும் வேண்டும். கால் தேர்ந்ததாக இல்லாவிட்டால் தண்டு முறிந்தது வெறும் செய்தி.

ஆகவே யதார்த்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் 'நிஜம் மாதிரி இருக்கிறதா' என்பதிலிருந்து வேறு இரண்டுக்கு நகர வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் படைப்பில் எது எழுதுபவனின் விருப்பத்துக்கு இணங்க மறுக்கிறது? எது முறிந்திருக்கக்கூடும், ஆனால் முறிய அனுமதிக்கப்படவில்லை? அசெட்டோ கோர்சா முதல் கேள்வியில் வெகுதூரம் தேறுகிறது. இரண்டாவதில் தேறவில்லை, தேறுவதாகப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, நாம் யதார்த்தம் என்று ஒரு காலத்தில் கொண்டாடிய கதைகளில் ஒரு இருபதையாவது மறுபடி படித்துப் பார்க்கலாம். நம் பட்டியல் கொஞ்சம் மாறும்.